சமையல்கட்டுத் தாழ்ப்பாள்

பொதுவாழ்வில் தூய்மை வேண்டும் என்பதில் செந்தமிழ்ச்செல்விக்கு இரண்டாம் கருத்து கிடையாது. இருந்த ஒரே கருத்தும் கட்சியின் கருத்துதான். ஆட்டுக்கல் கட்சியின் சங்கராபுரம் ஒன்றிய மகளிர் அணிச் செயலாளர் அவர். எதிர்க்கட்சிக்காரன் எவனாவது பெண்கள் விஷயத்தில் தப்பு செய்தால் துடைப்பத்தோடு தெருவில் இறங்குவது மகளிர் அணியின் திருப்பணி. அதற்கென்றே கல்வராயன் மலைச் சீமாறு இரண்டு கட்டு அவர் வீட்டுப் பரணில் எப்போதும் தயாராக இருக்கும். அதை எடுத்து வீடு பெருக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஒருநாள் தெரியாமல் எடுத்து மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த தேர்தலில் நிற்க ஒரு சீட்டு வேண்டும், அதுதான் அவர் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து கொடி பிடிக்கிறவருக்கு அது பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாவட்டச் செயலாளர் தங்கதுரையும் சொல்லவில்லை. “பாத்துக்கலாம்மா” என்றார். அதற்கு மேல் ஒரு வாக்குறுதியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

இடஒதுக்கீடு கேட்டு சனங்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப்போட்டு மறியல் செய்த வருஷம் அது. பஸ் ஓடவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு டிராக்டர்கள் நடுரோட்டில் காய்ந்துகொண்டு நின்றன. மலையடிவாரத்தில் அரசாங்க பங்களா ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒரு புளியமரம் விழுந்ததில் ஒன்றியத் தலைவர் பிச்சைமுத்துவின் ஜீப் உள்ளே மாட்டிக்கொண்டது. பிச்சைமுத்து அம்மிக் கட்சி. விடிந்ததும் பங்களாவின் சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வருவதை மறியல்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

அவள் பெயர் கமலா. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் செத்துப்போய்விட்டான். மகளைக் கீழே மாமியாரிடம் விட்டிருந்தாள். மகளோடு இருக்கக் கீழே மாற்றல் வேண்டும் என்று தலைவரிடம் கேட்டாள். “பங்களாவுக்கு வா, பேசிக்கலாம்” என்றார் தலைவர். போனாள். பேச்சு போன போக்கைப் பார்த்து, சமையல்கட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு விடியும்வரை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். நடந்தது அவ்வளவுதான். ஒரு கட்சிக்கு அது தாராளமாகப் போதும்.

செய்தி வந்ததும் சீமாறு பரணிலிருந்து இறங்கியது. செல்வி கமலாவின் வீட்டுக்கே போய்க் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகையில் பாதி நிஜம்.

“நீ மேடைக்கு வா தங்கச்சி. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

“எனக்கு மாத்தல் கெடைக்குமாக்கா?”

“மாத்தல் இன்னா மாத்தல், நீதியே கெடைக்கும்.”

கமலாவுக்கு மாற்றல்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் மேடை ஏறினாள். தங்கதுரை அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ‘தமிழகத்துத் தாய்க்குலத்தின் தன்மானச் சுடர்’ என்ற பட்டத்தை வழங்கினார். அம்மிக் கட்சி சும்மா இருக்குமா? மகளிர் அணி மார்கரெட் அச்சடித்த அறிக்கை ஒன்றை ஊரெல்லாம் கொடுத்தார்: ‘தந்தை ஸ்தானத்தில் இருந்து குறை கேட்ட தலைவர்மீது களங்கமா? அகால நேரத்தில் அந்தப் பெண்மணி அங்கே போனது ஏன்?’ டீக்கடையில் அவரவர் கட்சிப்படி நியாயம் பேசினார்கள். கட்சி இல்லாதவர்கள் இரண்டு கூட்டத்துக்கும் போனார்கள்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி மறியல், மறுபடி மரம். இந்த முறை பங்களாவில் மாட்டிக்கொண்ட கார் தங்கதுரையுடையது. விடிந்ததும் சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் கமலா. ‘மாத்தல் ஆர்டர் கைல இருக்குது, வந்து வாங்கிக்கோ’ என்று தங்கதுரை சொல்லி அனுப்பியிருந்தார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை அவள் தேடவேண்டியிருக்கவில்லை.

செல்வி வீட்டில் அடுப்பு எரியவில்லை. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது மார்கரெட் வந்தார். இரண்டு பேரும் ஒரே தெரு, எட்டாவது வரை ஒரே பெஞ்சு.

“செல்வி, உன் தொடப்பத்தைக் கொஞ்சம் குடு.”

“எதுக்கு?”

“உங்க மாவட்டத்து வூட்டு முன்னாடி ஆர்ப்பாட்டம். மலப்பாதைல மரம் கெடக்குது, சீமாறு எறங்கல. கடை கடையா அலைஞ்சி பாத்துட்டேன்.”

“எங்க ஆளுக்கு எதிரா எங்க தொடப்பமா?”

“தொடப்பத்துல கட்சிப் பேரா ஒட்டிக்கினு இருக்குது?”

செல்வி மோட்டுவளையைப் பார்த்தார். “சரி, எடுத்துக்கோ. பிச்சைமுத்துக்கு ஒரு அறிக்கை வுட்டீங்களே, தந்தை ஸ்தானத்துலன்னு. அது மிச்சம் கீதா?”

“கட்டு கட்டா கெடக்குது. பேரை மட்டும் மாத்திக்க.”

இப்படியாக அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இரண்டு கட்சிகளும் தத்தம் கொள்கையை நிலைநாட்டின. துடைப்பத்தைத் தூக்கியவர் மார்கரெட். ‘அகால நேரத்தில் அங்கே போனது ஏன்?’ என்று கேட்டவர் செல்வி.

மறுநாள் கமலா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அதே பங்களாக்கா, அதே சமையக்கட்டு. அப்ப நான் தங்கச்சி. இப்ப நான் இன்னாங்க?”

“கட்சி முடிவு. நான் இன்னா பண்றது?”

“நீங்க இன்னா நெனைக்கிறீங்க?”

செல்வி உள்ளே போய் மோர் கொண்டுவந்தபோது கமலா போய்விட்டிருந்தாள். அந்த மோரை யாரும் குடிக்கவில்லை. இரண்டு நாள் செல்விக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செயற்குழு வந்தது, இறங்கிவிட்டது.

அரசு வாளாவிருக்கவில்லை. விசாரணை அதிகாரி ஒருவரை அனுப்பியது. அவர் பங்களாவிலேயே தங்கி, கோழிக்குழம்பு சாப்பிட்டு, ஆழ்ந்து ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். இரண்டு சம்பவத்திலும் சந்தேகம் எழக் காரணம் சமையல்கட்டு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. தாழிட முடிந்ததற்குக் காரணம் தாழ்ப்பாள். ஆகவே பொதுநலனை முன்னிட்டு பங்களாவின் உட்புறத் தாழ்ப்பாள்கள் அனைத்தும் உடனடியாக அகற்றப்படல் வேண்டும். மேலும், அந்தப் பெண் ஊழியரின் நடத்தையை இரு கட்சிகளுமே எழுத்துமூலம் ஆட்சேபித்திருப்பதால், இவ்வட்டாரத்தில் முதன்முறையாக ஒருமித்த கருத்து உருவாகியுள்ளது. அதை மதித்து அவருக்கு மாற்றல் வழங்கலாம்.

கமலாவுக்கு மாற்றல் கிடைத்தது. இன்னும் மேலே, பஸ் போகாத ஒரு மலைக்கிராமத்துக்கு.

தாழ்ப்பாள் கழற்றியதை ஊரே வரவேற்றது. பொதுக்கூட்டம் போட்டு, நன்றித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். சனங்கள் தட்டிய தட்டலில் மைக் செட் கிறீச்சிட்டது.

தேர்தல் வந்தது. அம்மிக் கட்சியும் ஆட்டுக்கல் கட்சியும் கூட்டணி வைத்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஒரே சமையல்கட்டில்தானே இருக்கின்றன என்று தங்கதுரை மேடையில் விளக்க, பிச்சைமுத்து அவருக்கு மாலை போட்டார். மாலையை வாங்கிக்கொண்டு இறங்கியவர், ஓரமாக நின்ற செல்வியைக் கூப்பிட்டார்.

“உன் சீட்டு உறுதிம்மா. ஒரு சின்ன நேர்காணல் இருக்குது. சாயங்காலம் பங்களாவுக்கு வந்துடு. தனியா வா, கூட்டம் சேந்தா மத்தவங்க பொகைவாங்க.”

செல்வி நேராக மார்கரெட் வீட்டுக்குப் போனார்.

“மார்கரெட்டு, என் தொடப்பம் எங்க?”

“வூடு பெருக்கித் தேஞ்சி போச்சி. கூட்டணி ஆயிடுச்சே, இனிமே யார் மேல தூக்கப் போறோம்?”

“தனியா வரச் சொல்றாரு.”

மார்கரெட் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “போவாத.”

“போவலன்னா சீட்டு?”

அலமாரியின் அடித்தட்டில் அறிக்கைக் கட்டு கிடந்தது. பழைய பெயரை அழித்த இடம் மட்டும் காலி. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

“உள்ள சமையக்கட்டு ஒண்ணு கீதில்ல?” என்றார் செல்வி மெதுவாக.

“கீது. தாழ்ப்பாதான் இல்ல.”

அது செல்விக்குத் தெரியாததல்ல. தாழ்ப்பாளைக் கழற்றியதற்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை அன்று முன்மொழிந்தவர் செந்தமிழ்ச்செல்வி, வழிமொழிந்தவர் மார்கரெட். கை தட்டியது நாம்தான்.