மூன்றாம் வரியில் முப்புள்ளி

ஒரு காட்டில் மனு கொடுக்கிறவர்கள் ஏராளமாகவும் வாங்குகிறவர் ஒருவராகவும் இருந்தார்கள். வாங்குகிறவர் புலி. அவர்தான் வனராஜா.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தேக்கு மரத்தடியில் உட்கார்ந்து குறை கேட்பார். மான்கள் நூறடி தள்ளி நின்று பேசும். முயல்கள் வாயைத் திறக்காமலே திரும்பிவிடும். சில வெள்ளிக்கிழமைகளில் குறை சொல்ல வந்தவரே காணாமல் போய், அடுத்த வாரத்துக்கு அதுவே ஒரு குறையாகிவிடும். ஆகவே எல்லாருடைய நன்மையையும் உத்தேசித்து, குறைதீர் பக்கம் என்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள்.

அதைப் பார்த்துக்கொள்ளப் பெருச்சாளி பரஞ்சோதியை நியமித்தார்கள். காட்டோரத்தில் ஓர் அலுவலகத்தின் கீழே ஆறு வருஷம் வளை தோண்டிக் குடியிருந்தவன் அவன். அங்கிருந்த கேபிள்கள் எல்லாவற்றையும் கடித்துப் பார்த்திருந்தான். எதைக் கடித்தால் எது அணையும் என்று தெரியும். காட்டில் வேறு யாருக்கும் அதுகூடத் தெரியாது.

பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. மனு ஒன்றுக்கு ஒரு பெட்டி, வரிசைக்கு நாலு பெட்டி, எல்லாம் ஒரே உயரம். குறைகள்தான் ஒரே உயரத்தில் இல்லை. யானை தன் வழித்தடத்தைப் பற்றி எழுதியது பெட்டியை நிரப்பி, வழிந்து, கீழே இருந்த எலியின் மனு மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ராஜா இரண்டையும் சேர்த்தே வாசித்தார். பரம்பரை வழித்தடத்தை மறித்து வேலி போட்டுவிட்டார்கள், அதற்குக் கால் கிலோ நிலக்கடலை தந்தால் போதும் என்று வந்தது.

"பரஞ்சோதி, எழுத்து ஏன் பெட்டிக்கு வெளியே தொங்குது?" என்று கேட்டார்.

"குறை பெரிசு ராஜா."

"பெட்டி அளவுக்கு இருந்தா போதும்."

பக்கத்தில் நின்ற செயலர் தனக்கோடி சிரித்தார். அவர் கழுதைப்புலி. எதற்கும் சிரிப்பார். மூன்று ராஜாக்கள் மாறியும் அவர் மாறாமல் இருந்ததற்கு அந்தச் சிரிப்பே காரணம்.

பரஞ்சோதி வளைக்குத் திரும்பி ஸ்டைல்ஷீட்டைத் திறந்தான். பக்கத்தில் எது என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கும் கட்டளைத்தாள் அது. ஒருவர் எழுதியதை அதைக் கொண்டு மாற்ற முடியாது. அதில் எவ்வளவு வெளியே தெரியலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

முதலில் பெட்டியின் உயரத்துக்கு மேல் வழிவதை மறைத்துவிடச் சொன்னான். மறைந்தது. ஆனால் நான்காம் வரியின் அடிப்பாகம் அறுந்து, எழுத்துகளின் மேல்பாதி மட்டும் எட்டிப் பார்த்தது. தமிழ் எழுத்தில் அடியில் கை வைத்தால் ஆளே மாறிவிடும். 'பு' என்ற எழுத்தின் கீழே இறங்கும் கோடு போய் 'ப' மட்டும் மிஞ்சியது. பதினேழு மனுக்களில் புலி ராஜா பலி ராஜாவாக நின்றார்.

அன்று சாயங்காலம் பரஞ்சோதி வளையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள், வரி முடியும் இடத்தில் மூன்று புள்ளி வைக்கும் கட்டளையைப் போட்டான். அது ஒரே ஒரு வரிக்குத்தான் வேலை செய்தது. எல்லாப் பெட்டியிலும் 'பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட…' என்று ஒற்றை வரி நின்றது. எதற்காக எழுதினார்கள் என்பது ஒன்றில்கூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் வரிகளை எண்ணி வெட்டும் கட்டளை அவனுக்குக் கிடைத்தது. மூன்று வரி. மூன்றாம் வரியின் நுனியில் மூன்று புள்ளி. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பெட்டிகள் காலை வழிபாட்டில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன.

"மீதி எங்கே போச்சு?" என்றார் தனக்கோடி.

"உள்ளேதான் சார் இருக்கு. வெளியே தெரியாது, அவ்வளவுதான்."

தனக்கோடி சிரித்தார். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

மனு எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பில் குறையைச் சொல்லிவிடுவதில்லை. முதல் வரியில் ராஜாவின் பட்டங்கள், இரண்டாவதில் வணக்கம், மூன்றாவதில் அவருடைய ஆட்சியின் மேன்மை என்று போய், நாலாவது வரியில்தான் தங்கள் வயிற்றெரிச்சலுக்கு வருவார்கள். இப்போது நாலாவது வரியே இல்லை. பக்கம் முழுக்க வாழ்த்து. இரண்டே வாரத்தில் காட்டில் குறை என்பதே ஒழிந்துவிட்டதாகச் செயலர் அறிவித்தார். ராஜா விழா எடுத்தார்.

பெண் கடமான் மங்களேஸ்வரியும் அந்தச் சமயத்தில்தான் ஒரு மனு போட்டாள். 'வனராஜா அவர்களுக்கு வணக்கம். தங்கள் ஆட்சியில் கீழ்மடுவில் யாரும் பயமில்லாமல் இறங்கலாம், குட்டிகளோடு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்த காலம் போய்விட்டது. மூன்று வாரமாக அங்கே ஒரு முதலை கிடக்கிறது.' இப்படித் தொடங்கி, யார் யார் போனார்கள் என்று பதினாலு வரி எழுதியிருந்தாள். பக்கத்தில் 'தண்ணீர் குடிக்கலாம்…' என்பது வரைக்கும் வந்தது.

கிழக்குச் சரிவில் தண்ணீர் வற்றி நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருந்த புள்ளிமான் செண்பகம் அதை வாசித்தாள். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கீழ்மடுவுக்கு இறங்கினாள். திரும்பி வந்தபோது அவளுடைய மூத்த பிள்ளையும் அவள் தங்கையும் அவளோடு வரவில்லை.

மங்களேஸ்வரி பரஞ்சோதியின் வளை வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நான் எழுதினது எங்கே?"

"இருக்கு அக்கா." உள்ளே திறந்து பதினாலு வரியையும் காட்டினான்.

"இது எனக்குத் தெரியும். நான்தானே எழுதினேன். செண்பகத்துக்கு ஏன் தெரியலை?"

"வெளியே மூணு வரிதான் அக்கா தெரியும்."

"அவ பிள்ளை நாலாவது வரியில போயிட்டான்" என்றாள் மங்களேஸ்வரி. "நீங்க எழுதினதை நம்பித்தானே போனோம்னு என்கிட்டயே வந்து கேக்கிறா. நான் என்ன சொல்லட்டும்?"

எல்லா மனுவையும் கடைசி வரி வரைக்கும் படித்தவன் காட்டில் அவன் ஒருவன்தான். இதையும் படித்திருந்தான். வெட்டு அழகாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தான்.

அவள் போனதும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் 'மேலும் படிக்க' என்று ஒரு பொத்தான் வைத்தான். மறுநாள் ராஜா பக்கத்தைத் திறந்து பாதத்தை வைத்தார். ராஜாவின் பாதம் பெரியது. பன்னிரண்டு பொத்தான்கள் ஒரே அமுக்கில் அமுங்கின. பன்னிரண்டு பெட்டியும் திறந்துகொண்டு, பன்னிரண்டு குறையும் அவர் முகத்தில் வந்து விழுந்தன.

"இது என்ன அசிங்கம்?" என்றார். சாயங்காலத்துக்குள் பொத்தானை எடுத்தாகிவிட்டது.

"அக்கா, வணக்கம் கிணக்கம் ஒண்ணும் வேணாம். சுருக்கமா எழுதுங்க. ஒரே வரி" என்று பரஞ்சோதி சொல்லி அனுப்பினான். அவளும் எழுதினாள்: 'கீழ்மடுவில் முதலை. காப்பாற்றுங்கள்.'

ராஜா அதை இரண்டு தடவை வாசித்தார். கண் கலங்கியது. "பார்த்தியா தனக்கோடி, ஒரு முதலை மேல இவ்வளவு அக்கறை. யாரையும் குறை சொல்லலை, தனக்குன்னு ஒண்ணும் கேக்கலை" என்றார். அன்றே உத்தரவு போனது. கீழ்மடுக் கரையில் 'நம் முதலை, நாம் காப்போம்' என்று பலகை நட்டார்கள். இரண்டு காட்டுப்பன்றிகள் காவலுக்கு வந்தன. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் முதலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும் என்று பன்றிகள் கண்டிப்பாகச் சொல்லின. முதலைக்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது.

மங்களேஸ்வரி மறுபடியும் வளைக்கு வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கோபம் இல்லை. பரஞ்சோதிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மூணு வரின்னா எத்தனை எழுத்து தம்பி?"

"எழுபது, எண்பது வரும் அக்கா."

"அதுக்கப்புறம் நான் என்ன எழுதினாலும் வெளியே தெரியாது. ஆனா எழுதினதா கணக்கு. அப்படித்தானே?"

"ஆமா அக்கா."

அவள் குளம்பால் மண்ணில் எழுதிக் காட்டினாள். பரஞ்சோதி வாசித்தான். முதுகு மயிர் எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் எழுத்துகளை எண்ணினான்.

"'குடிக்கிறார்'ங்கிறது நாலாவது வரிக்குப் போகுது அக்கா. 'மாண்புமிகு'வை எடுத்திடுங்க, சரியா இருக்கும்" என்றான்.

மறுநாள் காலையில் பக்கத்தின் முதல் பெட்டியில் இப்படி இருந்தது: 'கீழ்மடுவுக்கு இப்போது முதலைதான் ராஜா. நம் வனராஜா அவரைக் கண்டு பயந்து, மேல்மடுவில் ஒளிந்து நின்று தண்ணீர் குடிக்கிறார்…'

உச்சி வேளைக்குள் காடு முழுக்க வாசித்துவிட்டது. ராஜா கடைசியாகத்தான் வாசித்தார். மங்களேஸ்வரியை இழுத்து வரச் சொன்னார். அவள் தானே வந்தாள். நூறடி தள்ளி நிற்காமல், பக்கத்திலேயே வந்து நின்றாள்.

"முழுசா வாசிச்சுப் பாருங்க ராஜா" என்றாள்.

பரஞ்சோதி பெட்டியைத் திறந்தான். மீதி இது: '…என்று சிலர் பேசித் திரிவதை நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். தங்கள் வீரத்தைப் பணிந்து வணங்கும், மங்களேஸ்வரி.'

ராஜாவின் கோபம் போக்கிடம் இல்லாமல் நின்றது. மனுவில் குற்றமே இல்லை. இதைவிட விசுவாசமான மனு அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை.

"அப்ப இதை எல்லாரும் முழுசா பார்க்கிற மாதிரி திறந்து விடு" என்றார்.

"திறக்கலாம் ராஜா. பழைய பொத்தானைத் திரும்ப வைக்கணும். வெச்சா எல்லாப் பெட்டியும் திறக்கும். உள்ளே அறுநூத்தி நாப்பது மனு இருக்கு."

தனக்கோடியின் சிரிப்பு நின்றது. அது நின்றதை அன்றுதான் காடு பார்த்தது.

"அப்ப இந்த மனுவையே எடுத்திடவா?" என்றான் பரஞ்சோதி.

"எடுத்தா, உண்மைதான், அதனாலதான் எடுத்துட்டாங்கன்னு பேசுவாங்க" என்றார் தனக்கோடி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ராஜா ஒரு நடை கீழ்மடுவுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துட்டா முடிஞ்சுது" என்றார்.

ராஜா போனார். வேறு வழி இல்லை. கரை நிறையக் கூட்டம். காட்டுப்பன்றிகள் பழக்கதோஷத்தில் அவரையும் வரிசையில் வரச் சொல்லின. ராஜா குனிந்து நாலு மிடறு குடித்தார். ஐந்தாவது மிடறில் தண்ணீர் எழுந்தது. அதற்குப் பிறகு கரையில் நின்றவர்களுக்குச் சேறும் மஞ்சளும் கறுப்புக் கோடுகளும்தான் தெரிந்தன. முடிவில் முதலை ஒரு கண்ணை இழந்து, ஆற்று வழியே கீழ்த்திசையாகப் போனது. திரும்பவில்லை. ராஜா கரையேறினார். வாலில் பாதி ஏறவில்லை.

அன்று முதல் கீழ்மடு எல்லாருக்கும் பொதுவானது.

விஷயம் மெல்லப் பரவியது. எப்படி எழுத வேண்டும் என்று காடே கற்றுக்கொண்டது. 'ஒரு முள்வேலியைக்கூடப் பிடுங்கத் தெரியாத ராஜா நமக்கு வாய்த்திருக்கிறார்…' என்று யானை எழுதியது. வழித்தடத்து வேலி மறுநாளே போனது. 'எலிக்குக் கடலை கொடுக்கக்கூட வக்கில்லாதவர்…' என்று எலி எழுதியது. கடலை வந்தது. எல்லா மனுவிலும் நாலாவது வரி ராஜாவின் காலில் விழுந்து கிடந்தது. யாரையும் தண்டிக்க முடியவில்லை. அந்த வருஷம் தீர்ந்த அளவுக்கு அந்தக் காட்டில் குறைகள் எந்த வருஷமும் தீர்ந்ததில்லை. ராஜா பாதியாக இளைத்துவிட்டார்.

ஒருநாள் பரஞ்சோதியைக் கூப்பிட்டார். "இனிமே முதல் மூணு வரி வேணாம். கடைசி மூணு வரி தெரியட்டும்."

"அதுக்குக் கட்டளை இல்லை ராஜா. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வால் பக்கம்தான் வெட்ட வரும்."

ராஜா தன் பாதி வாலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிவிட்டார்.

செண்பகம் மட்டும் மனு எதுவும் போடவில்லை. கீழ்மடுவின் அக்கரையில் வந்து குடித்துவிட்டுப் போவாள். நீயும் ஒன்று எழுதேன் என்று மங்களேஸ்வரி ஒருமுறை கேட்டதற்கு, "எத்தனை வரி எழுதினா அவங்க வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். மங்களேஸ்வரி அதற்குப் பிறகு அவளிடம் மனுவைப் பற்றிப் பேசவில்லை.

நீதி: வசவை முதல் மூன்று வரிக்குள் முடித்துவிடு, வணக்கத்தை நாலாவது வரியில் வை.