மெத்தைக் கிண்ணத்தில் மருமகன் ஓடியது

இக்காஸ்ட், டென்மார்க்
ஜனவரி, முதல் ஞாயிறு

அன்புத் தங்கை தவமலருக்கு,

மூத்தவன் கனகசபை எழுதிக்கொள்வது. பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற இந்த ஊரில் நானும் உன் மச்சாள் விமலராணியும் இருக்கக்கூடிய சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மச்சானும் மருமகன் சுஜிந்தனும் அதைவிடக் கூடிய சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ குறுக்கே கதைப்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

நீ கேட்டது இதுதான். சுஜிந்தனுக்குப் படிப்பு முடிகிறது. ஆனால் இன்னும் ஒரு வருடம் நின்று அணிக்கு விளையாடும்படி பல்கலைக்கழகம் கேட்கிறது. பிள்ளைக்கு விருப்பம், மச்சானுக்குக் கோபம், உனக்குப் பயம். "அண்ணை, அந்த போல் மட்சை ஒருக்காப் பாத்திட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ. நாங்கள் மூண்டு பேரும் கேப்பம்" என்றாய். அமெரிக்க உதைபந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நீ பொருட்படுத்தவில்லை. நானும் பொருட்படுத்தவில்லை. போல் என்றால் கிரிக்கெட்டில் பந்து போடுவதாக்கும் என்று உன் மச்சாளுக்கு விளக்கியும் வைத்திருந்தேன். பிறகு மகள் சாரங்கிதான், அது கிண்ணம், பருவம் முடிந்த பிறகு இரண்டு பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டு நடத்துகிற பெரிய ஆட்டம், இந்தக் கிண்ணத்தை ஒரு மெத்தைக் கம்பனி நடத்துகிறது என்றாள். மெத்தைக்காரருக்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதற்கு டெனிஷில் ஏதோ சொன்னாள். அவள் டெனிஷில் பதில் சொன்னால் கேள்வி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே மத்தியானம், இங்கே ஒரு கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மாலை ஆறு மணி. பக்கத்து வீட்டுப் பிரேபனையும் கூப்பிட்டிருந்தேன். பிரேபன் ஓய்வுபெற்ற தேகப்பயிற்சி ஆசிரியர். இளமையில் ஒரு வருடம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவர். அவர் தங்கிய ஊர் சுஜிந்தனின் பல்கலைக்கழக ஊர்தான் என்று தெரிந்ததும், மனுசன் நாற்பது வருடத்துக்கு முந்திய பச்சைத் தொப்பி ஒன்றை எங்கேயோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எங்களை விட அவருக்குத்தான் அந்தப் பச்சை அணியில் பாசம். பிறகு நடந்த கஷ்டத்துக்கெல்லாம் அதுவே காரணம்.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் பந்தோடு ஓடினான், விழுந்தான், அவனுக்கு மேல் ஆறு பேர் விழுந்தார்கள், விசில் ஊதினார்கள், விளம்பரம் போட்டார்கள். திரும்பி வந்து மறுபடி விழுந்தார்கள். உன் மச்சாள் முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக விழுந்தவர்களைத் தூக்குகிறவள், உனக்குத் தெரியும். "பிழையாத் தூக்கிறாங்கள், பாருங்கோ! முதுகை வளைக்காமல், முழங்காலை மடிச்செல்லோ தூக்க வேணும்" என்று ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக்கு வகுப்பு எடுத்தாள். அரைவாசி நேரமும் போயிற்று. பச்சை அணி எடுத்த எடுப்பெல்லாம் புள்ளி போட்டுக்கொண்டிருந்தது. சுஜிந்தனை மட்டும் காணவில்லை. ஒரு தடவை பயிற்சியாளருக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் எழும்பிப் படம் எடுப்பதற்குள் விளம்பரம் வந்து, படத்தில் ஒரு மெத்தைதான் விழுந்தது.

"பிள்ளையை ஏன் விடுகினம் இல்லை? நிறத்தைப் பாத்தோ?" என்று விமலராணி கேட்டாள். பிரேபன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். நான்கு தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால், நாலாவது தடவை ஒருவன் வந்து பந்தை எதிரியின் பக்கம் மிகத் தூரமாக உதைத்து, எதிரிக்கே கொடுத்துவிட்டுப் போவான். சுஜிந்தனுக்கு அந்த வேலை. அணிக்கு நிலைமை மோசமானால்தான் அவன் மைதானத்துக்கு வருவான்.

இதைச் சாரங்கி மொழிபெயர்த்ததும் உன் மச்சாள் எழும்பிக் குசினிக்குள் போனாள். நான் தேத்தண்ணிக்கு என்று நினைத்தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி, பச்சை அணிக்கு எல்லாம் பிழையாய்ப் போக வேண்டும் என்று சத்தமாகவே கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பிரேபனுக்கு எங்கள் சாமியில் மதிப்பு உண்டு. "அணிக்காகக் கும்பிடுகிறாரா?" என்று சாரங்கியிடம் கேட்டார். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது பெரிய குறை. உள்ளதைச் சொல்லிவிட்டாள். பிரேபன் "நோ" என்றார். ஆங்கிலத்து "நோ" இல்லை, எங்கட "அப்படியோ" மாதிரி. இந்த நாட்டு ஆட்கள் செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் சொல்லுகிற அதே சொல்தான், ஆனால் இந்த "நோ" அடி வயிற்றிலிருந்து வந்தது. உன் மச்சாள் பொரித்துக் கொடுத்த ரோல்ஸில் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்ச் சப்பாத்துப் போடத் தொடங்கினார். இருபத்திரண்டு வருட அயல். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனுசன். நான் பின்னால் போய், "பிரேபன், அவள் தோற்கக் கேட்கவில்லை, கொஞ்சம் கஷ்டப்படத்தான் கேட்டவள்" என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அதற்கு அவர், "அது இன்னும் மோசம், கனகசபை" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே கூக்குரல். பச்சை அணி மூன்று தடவையும் விழுந்துவிட்டது. நாலாவதுக்குச் சுஜிந்தன் வருகிறான்! நான் ஓடினேன். பிரேபனும் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்தார். உன் பிள்ளை இரண்டு அடி வைத்து உதைத்த உதை, பந்து கமராவை விட்டே மேலே போய்விட்டது. அது எப்போது கீழே வருமென்று அந்த மைதானம் முழுவதும் அண்ணாந்து நின்றது. எதிரியின் கோட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் இறக்கினான். விமலராணி கைதட்டினாள். பிரேபனும் தன்னை மறந்து கைதட்டினார். பிறகு, தன் அணி பந்தைப் பறிகொடுத்திருக்கிறது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு உன் மச்சாளின் வேண்டுதல் அளவுக்கு மிஞ்சிப் பலித்தது. பச்சை அணி தொட்டதெல்லாம் பிழை. சுஜிந்தன் திரும்பத் திரும்ப வந்தான். இவள் ஒவ்வொரு முறையும் எழும்பிச் சிரித்தாள், பிரேபன் ஒவ்வொரு முறையும் கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். எதிரியான வெள்ளை அணி புள்ளியில் ஒட்டி வந்துவிட்டது. கடைசியில் பச்சைக்கு மூன்று புள்ளிதான் கூட. மிஞ்சியிருந்தது சில வினாடிகள். பந்து பச்சை அணியின் சொந்தக் கோட்டு வாசலில் கிடக்கிறது, நாலாவது தடவை. விமலராணிக்கு இப்போதுதான் விளங்கியது. "ஐயோ, இது காணும், இனிப் பிள்ளை வர வேண்டாம்" என்றாள். பிள்ளை வந்தான்.

பந்து அவன் கைக்கு வந்தது. எதிரில் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஐந்து பேர் வருகிறார்கள். உதைப்பான் என்று பார்த்தால், தவமலர், உன் மகன் பந்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். முன்னுக்கு அல்ல. இடப்பக்கம் ஓடினான், திரும்பி வலப்பக்கம் ஓடினான், பிறகு மைதானத்தின் பின்கோட்டைத் தாண்டி வெளியே ஓடி, அங்கே மேளம் வைத்திருந்த பிள்ளைகளுக்குள் புகுந்துவிட்டான். பந்தோடு சொந்தப் பின்கோட்டைத் தாண்டினால் எதிரிக்கு இரண்டு புள்ளியாம், கொடுத்தார்கள். விமலராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான், இனி உனக்கு எப்படி முகம் கொடுப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரேபன் கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, என்னைக் கட்டிப்பிடித்து, என் காதுக்குள் கத்தினார்: "ஜீனியஸ்!" அவன் ஓடி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதாம். மூன்றில் இரண்டு போனாலும் ஒன்று மிச்சமாம். வென்றுவிட்டோமாம். அங்கே மெத்தைக் கம்பனியின் வெற்றி மரியாதையாகப் பயிற்சியாளரின் தலையில் தலையணைப் பஞ்சைக் கொட்டினார்கள். அவர் பஞ்சைத் துப்பிக்கொண்டே, இது தன்னுடைய திட்டம், முன்னமே போட்டது, பையன் சொன்னதைச் சொன்னபடி செய்தான் என்று பேட்டி கொடுத்தார். போகும்போது பிரேபன் விமலராணியின் கையைப் பிடித்து, உங்கள் சாமிக்கும் நன்றி என்றார்.

இனி என் முடிவு. ஒரு கிழமை யோசித்தேன். ஐந்து பேர் தன்மேல் விழ வருகிறபோதும், சொன்னபடி நின்று, சொன்ன நேரம் வரை ஓடி, சொன்ன இடத்தில் வெளியேறிய பிள்ளை அவன். எல்லாரும் இதை மெச்சுகிறார்கள். எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த வருடம் அந்தப் பயிற்சியாளர் "நில்" என்பார். இவன் நிற்பான். சொன்னதைக் கேட்கிற, பயம் தெரியாத பிள்ளையை அந்த இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. ஆகவே விளையாட்டுப் போதும், ஒரு வேலையைப் பார்க்கட்டும். கோபப்படுவான், மாமா சொன்னதாகச் சொல்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல். உங்கள் வீட்டில் எல்லா நன்மையும் பெருக, எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, இறைவன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
க. கனகசபை

பிற்குறிப்பு: மேலே உள்ளதை ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலில் போடப் போனேன். சந்தியில் இருந்த சிவப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இந்த நாட்டில் தபால்காரர் இனிக் கடிதம் கொண்டுவரமாட்டாராம், கடையில் கொடுக்க வேண்டுமாம். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சுஜிந்தன் அழைத்தான். "மாமா, அம்மா உங்கட கடிதத்துக்கு வெயிட் பண்ணுறா. நீங்கள் எழுத முந்தி ஒரு உண்மை சொல்ல வேணும்" என்றான். திட்டம் ஒன்றும் இருக்கவில்லையாம். பயிற்சியாளர் உதைக்கத்தான் சொன்னாராம். "அவங்கள் வாறதைப் பாத்தன், மாமா. பயந்திட்டன். ஓடிட்டன். வெண்ட பிறகு கோச் தன்ர பிளான் எண்டு சொல்லிட்டார், நானும் பேசாமல் இருந்திட்டன்."

வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பிரித்துவிட்டேன். என் முடிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பயந்தால் ஓடத் தெரிந்த பிள்ளை, அவன் விளையாடட்டும், ஒரு வருடம் இல்லை, விரும்பினால் இரண்டு வருடம். மச்சானிடம் காரணம் சொல்ல வேண்டாம். பிரேபனுக்கும் தெரிய வேண்டாம். அவர் இந்த ஓட்டத்தை விறகுக் கட்டைகளை அடுக்கி வைத்துத் தெருவுக்கே விளக்கிக்கொண்டிருக்கிறார். விமலராணியிடம் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா, அப்ப அவன் எங்கட ஆள்தான்" என்றாள்.