ஐந்து விநாடிக்குள் ஒரு வரவேற்புரை

ஒலிவாங்கியைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சுவிஸில் டீட்டிகோன் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கல்யாணங்களுக்கு நான்தான் அறிவிப்பாளன். (மாப்பிள்ளையைப் பற்றி அவரைப் பெற்ற தாய்க்கே தெரியாததையெல்லாம் சொல்வேன்.) இந்த வியாதியோடு நான் கூடைப்பந்து நடுவராகப் போனேன்.

மகள் கவினாவின் கழகத்துக்கு ஒரு நடுவர் குறைந்தது. ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்தில் பிள்ளைகளின் அணியைப் போட்டிகளில் சேர்க்க மாட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தங்கள் சப்பாத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது நான் கையை உயர்த்தினேன். விதிப்புத்தகத்தைத் தேவாரம் போல மனப்பாடம் செய்தேன். மிச்சமிருந்தது ஒரு பரீட்சை: கூர் நகரத்திலிருந்து வந்த பெண்கள் அணியோடு எங்கள் பிள்ளைகள் ஆடும் நட்புப் போட்டி. கூட நின்று நடத்தி, என்னைத் தேறவிடுவதா இல்லையா என்று முடிவு செய்பவர் ரெகுலா என்ற மூத்த நடுவர்.

ஒருத்தி தவறிழைத்தால் எதிரணிக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதலை, அந்த ஃப்ரீ த்ரோவை, ரெகுலா கொடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூடைக்கு அடியில் நின்று இரண்டு விரலைக் காட்டுவார். "ஸ்வை" என்பார். இரண்டு எறிதல், அவ்வளவுதான். கோட்டைத் தாண்டி நீளும் சப்பாத்தை ஒருமுறை பார்ப்பார். அது தானாகப் பின்வாங்கும். பிறகு பந்தைத் தரையில் ஒரு தட்டு. எறிபவளின் கைக்கு அது போய்ச் சேரும். எனக்கோ, இவ்வளவு அமைதியான சபையை இந்த மனுஷி வீணாக்குகிறாரே என்று இருந்தது.

கடைசி நிமிடம். எங்கள் அணி ஒரு புள்ளி முன்னிலை. கவினா கூர்ப் பிள்ளை ஒருத்தியின் கையில் அடித்துவிட்டாள். இரண்டு எறிதல். கூடைக்கு அடியில் இம்முறை நான்.

இரண்டு விரலைக் காட்டினேன். அத்தோடு நின்றிருக்கலாம்.

"பெருமதிப்புக்குரிய வீராங்கனைகளே!" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், தொடங்கினேன். பந்தை அந்தப் பிள்ளையின் கையில் சேர்த்துவிட்டு, அது கையை விட்டுப் போகும்வரை ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்பதையும், அதன் நியாயத்தையும், கூர் நகரத்து மலைகளின் அழகையும் எடுத்துரைத்தேன். நல்ல வளர்ப்பு, பெரிய மனிதர் பேசி முடிக்கட்டும் என்று அவள் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி காத்து நின்றாள். இதற்கிடையில் என் வலது கை, பந்து கைக்கு வந்தால் ஐந்து விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்ற விதியை நினைவுகூர்ந்து தானாக எண்ணத் தொடங்கியிருந்தது. (எண்ணுவது ரெகுலாவின் வேலை. அதையும் நானே எடுத்துக்கொண்டேன்.)

ஐந்து. ஊதினேன். "நேரம் முடிந்தது! எறிதல் செல்லாது!"

கூர்ப் பெற்றோர் எழுந்து நின்று கத்தினார்கள். முன்னிலையில் இருப்பது என் மகளின் அணி என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கோட்டில் நின்ற கவினாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பா! நீங்கள் கதைச்சு முடியட்டும் எண்டுதானே அவள் பாத்துக்கொண்டு நிண்டவள்!"

"விதியில அப்பிடித்தான் கிடக்குப் பிள்ளை."

"மலையைப் பற்றியும் கிடக்கோ?"

ரெகுலா நடந்து வந்தார். இரு பயிற்றுநர்களையும் பார்த்து, "தவறு எங்களுடையது. இரண்டு எறிதல்," என்றார். அந்த 'எங்களுடையது' இருக்கிறதே, அதற்கு அவருக்கு மாலையே போடலாம். கத்திக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் திரும்ப வாங்கி வைத்திருந்த பந்தைத் தன் கைக்கு எடுத்தார். இரண்டு விரல். "ஸ்வை." அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு.

இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளியால் தோற்றோம்.

என் நடுவர் வாழ்வும் முடிந்தது என்று பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரெகுலா வந்து, "அடுத்த கிழமையும் வா. விசிலை வாய்க்குள்ளேயே வைத்திரு. அது ஊதுவதற்கு மட்டுமல்ல, அடைப்பதற்கும்தான்," என்றார். அடைத்துக்கொண்டேன். மூன்றாவது போட்டியில் தேறினேன். பிள்ளைகளின் அணியும் பிழைத்தது.

ஆனால் கல்யாண மண்டபத்தில் விசில் இல்லையே. போன மாதம், "அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய" என்று நான் தொடங்கியதும், முன்வரிசையில் கவினாவின் கை ஆடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு... மனைவியின் கையும் சேர்ந்தது. பிறகு அந்த வரிசை முழுவதும். ஐந்தில் மேளக்காரர் கெட்டிமேளத்தையே முழங்கிவிட்டார்.

தாலி இன்னும் ஐயரின் தட்டில்தான் இருந்தது.