திரும்பிப் பார்த்த கேப்டன்

ஆதி ரசிகர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார், அலுவலகத்தில் இருவர், சொந்தத்தில் கட்டாயம் ஒருவர். பார்த்தவுடன் தெரியாது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, தண்ணீர் வரி கட்ட வரிசையில் நின்றுகொண்டு, நம்மைப் போலவேதான் நடமாடுவார். கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஏதோ ஒரு பழைய விண்வெளித் தொடரை மறுபடி புதுசாக எடுத்திருக்கிறார்களாமே, நன்றாயிருக்கிறதாமே என்று அவர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வராது. முதலில் மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு வரும். அப்புறம், பரிதாபமும் பாசமும் சரிபாதி கலந்த குரலில் ஒரு கேள்வி வரும்.

"நீங்க பழசு பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்றால் ஒரு மணி நேரம். பார்த்ததில்லை என்றால் மூன்று.

என் சித்தப்பா இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பார்ப்பதும் அவரே. வருகிறவர் மூக்கில் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா? இல்ல முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். பாதிப் பேர் "இப்பப் போட்டதுதாங்க தெளிவா இருக்கு" என்பார்கள். மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொள்வார். ஆனால் அந்தப் பெருந்தன்மை லென்ஸோடு சரி. உலகத்தில் மற்ற எல்லாவற்றிலும் முன்னாடி போட்டதுதான் தெளிவு.

எல்லாவற்றிலும் என்றால் முக்கியமாக 'சனிக்கு அப்பால்'.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது இருபத்தாறு வாரம் தொலைக்காட்சியில் ஓடிய தொடர் அது. நாரை என்று ஒரு விண்கலம். அதற்கு ஒரு கேப்டன். குப்பி என்று ஒரு குட்டி ரோபோ. கிரகங்கள் எல்லாம் வண்ணம் பூசிய பந்துகள். நாரை பறக்கும்போது அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் நூல் பளிச்சென்று தெரியும். அதைச் சொல்லிவிட்டால் போதும், "நூல் தெரியறதுதாண்டா அழகு. நம்ம கற்பனைக்கு இடம் விட்டிருக்கான்" என்பார். யாரும் பார்க்காததால்தான் இருபத்தாறோடு நிறுத்தினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "உலகம் அதுக்குத் தயாரா இல்ல" என்று உலகத்துக்காக வருத்தப்படுவார். மகள் பிறந்தபோது நாரை என்றே பெயர் வைக்கப் பார்த்தார். சித்தி விடவில்லை. பெயர் வைப்பதைத்தான் சித்தியால் தடுக்க முடிந்தது, கூப்பிடுவதைத் தடுக்க முடியவில்லை. வீட்டில் அவள் குப்பி.

இந்தத் தொடரைத்தான் புதுப் படமாக எடுக்கிறோம் என்று நான்கு வருடம் முன்பு அறிவித்தார்கள். சித்தப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தாலா, சந்தோஷத்தாலா? இந்த இனத்தைப் படிப்பவர்கள் இன்றுவரை தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுதான். "நான் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று காலையில் சபதம் செய்தார். மத்தியானம் முன்பதிவு எப்போது ஆரம்பிக்கிறது என்று விசாரித்தார். "எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்க வேணாமா?" டிரெய்லரை ஒரு நாளைக்குப் பத்து தடவை, நிறுத்தி நிறுத்தி, கடன் பத்திரம் படிப்பதுபோலப் பார்த்தார். "பாருடா, தாழ்வாரத்துக் கைப்பிடியப் பாரு. சாம்பல் கலர் அடிச்சு வச்சிருக்கானுங்க. பச்சைடா அது! பச்சை!" புதுக் கேப்டன் ஒரு பெண் என்பதைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. அவராகவே வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், "பொம்பள கேப்டனா இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, திட்டுகிறாரே என்று நீங்களும் சேர்ந்து திட்டிவிட முடியுமா? ஃபிரேம் கொண்டுவந்து போடுகிற விற்பனைக்காரர் ஒருநாள் அந்தத் தப்பைச் செய்தார்.

"அது என்ன சார், சின்னப் பசங்க பாக்கற பொம்மைக் கப்பல் படம்தானே? குப்பையா இருக்கும்னுதான் தோணுது."

சித்தப்பா கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார்.

"படம் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள எப்படி சார் குப்பைன்னு சொல்றீங்க? எத்தன பேர் ராத்திரி பகலா உழைச்சிருப்பாங்க?"

"இல்ல சார், நீங்கதானே இப்ப..."

"நான் சொல்லுவேன். நீங்க எப்படிச் சொல்லலாம்?"

வீட்டுப் பிள்ளையை அப்பா விளக்குமாற்றால் அடிக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் அதட்டக்கூடக் கூடாது. அவ்வளவுதான் இதன் தத்துவம்.

இனி அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறாவது வாரத்தின் கடைசிக் காட்சியில் கேப்டன் நாரையைவிட்டு நிரந்தரமாக இறங்கிப் போகிறார். கதவருகே போனதும் நின்று, காலியான இருக்கையைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். ஒரே ஒரு பார்வை. வசனம் கிடையாது, இசை கிடையாது. "அந்த ஒரு பார்வைக்காக மீதி இருபத்தஞ்சையும் எடுத்திருக்கான்" என்பார் சித்தப்பா. இதைக் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறோம், துக்க வீட்டில் கேட்டிருக்கிறோம். கடையைப் பூட்டும்போது, கண் பார்க்கிற அந்த நாற்காலியை அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். வாடகை வீடு மாறியபோது ஐந்து காலி அறைகளையும் அப்படித் திரும்பிப் பார்த்ததில் வண்டிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்டார்.

ஆனால் அந்த இருபத்தாறாவது வாரத்தை அவர் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. டிஸ்க் பெட்டி வாங்கி வைத்திருந்தார். ஐந்து டிஸ்க்குகள் தேய்ந்துபோயிருந்தன. ஆறாவது, பிரிக்காத உறைக்குள் பத்திரமாக இருந்தது. "அதுக்கு ஒரு பக்குவம் வேணும்." குப்பிக்குப் பக்குவம் வரட்டும் என்று காத்திருந்தார்.

குப்பிக்கு அப்போது பதினைந்து வயது. ஐந்து வயதிலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் சித்தப்பாவின் தோளில் சாய்ந்து நாரையைப் பார்த்து வளர்ந்தவள். முதலில் தோளிலிருந்து விலகினாள். அப்புறம் சோபாவின் அந்த மூலைக்குப் போனாள். அப்புறம் பரீட்சை என்றாள். புதுப் படத்துக்கு முதல் நாள் இரண்டு டிக்கெட் எடுக்கப்போகிறேன் என்று சித்தப்பா சொன்னபோது, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் ஃப்ரெண்ட்ஸோட போறேன்பா" என்றாள்.

"ஏன், என்கூட வந்தா என்ன?"

"உங்ககூட வந்தா படம் பாக்க முடியாதுப்பா. திரையில ஒரு படம் ஓடும், என் காதுல ஒரு படம் ஓடும்."

சித்தி சமையலறையிலிருந்து சிரித்தாள். சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த எனக்குப் புரிந்தது. இனி அது கைப்பிடியின் நிறத்தைப் பற்றிய விவகாரம் இல்லை. பத்து வருடத்துச் சனிக்கிழமைகள் கதவு வரைக்கும் போய்விட்டன.

அந்தப் பதற்றத்தில்தான் டிரெய்லரை நீட்டினார். "இதுக்கா போகப்போற? பாரு, கதவத் தொறக்கறா, போயிட்டே இருக்கா. திரும்பிப் பாத்தாளா? கல்லு!"

"பழையவர் மட்டும் நிஜமாவே பாத்தாரா?"

"பாத்தாரா-வா?"

"பந்தயம். அவர் திரும்பிப் பாத்திருந்தா உங்ககூட வரேன். நீங்க என்ன பேசினாலும் கேக்கறேன். இல்லேன்னா நான் ஃப்ரெண்ட்ஸோட போவேன், நீங்க அந்தத் தியேட்டர் பக்கமே வரக்கூடாது."

"எடு அந்த ஆறாவது டிஸ்க்கை!"

ஜெயிக்கப்போகிறவரின் அவசரத்தோடு உறையைக் கத்தரியால் வெட்டினார். திரையில் கேப்டன் அந்தக் குட்டி ரோபோவின் தலையைத் தடவினார். பச்சைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். கதவு வந்தது. "இப்ப" என்றார் சித்தப்பா. கதவு திறந்தது. "இப்பப் பாரு." கேப்டன் வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது. நாரை பறந்தது, நூலோடு. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.



"வெட்டிட்டானுங்க" என்றார் சித்தப்பா. "டிஸ்க் போடும்போது வெட்டிட்டானுங்க." பின்னால் ஓட்டினார். கேப்டன் மறுபடி போனார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் போனார். அந்த மனுஷரை மூணு தடவை வீட்டைவிட்டு அனுப்பியும் ஒரு தடவைகூட அவர் திரும்பவில்லை.

"கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன், திரும்பிப் பாத்தார் திரும்பிப் பாத்தார்னு..." என்று ஆரம்பித்த சித்தி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக்காரர், ஒரு தடவை துடைத்தால் போதுமென்று தெரிந்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்ல டிவி கிடையாதும்மா" என்றார். "எதிர்வீட்ல போய்த்தான் பாப்பேன். கடைசி வாரம் பேர் ஓடறதுக்குள்ள எங்கம்மா வாசல்ல வந்து நின்னுட்டாங்க. முடிஞ்சிருச்சு, வாடான்னு. செருப்ப மாட்டிட்டு, படியில நின்னு, ஒரு தடவ..."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திரும்பிப் பாத்தது நான்தான்."

முப்பத்திரண்டு வருடமாக, பழசைச் சிதைக்கிறார்கள், இல்லாததைச் சேர்க்கிறார்கள் என்று ஊரையே திட்டியவர். எல்லாருக்கும் முன்னால், பன்னிரண்டு வயதில், ஒரு பைசா செலவில்லாமல் அதைத் திருத்தி எடுத்து வெளியிட்டவர் அவர்தான்.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை காலையில். குப்பி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சித்தப்பா செய்தித்தாளில் விளம்பரங்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பலையா?"

"நான்தான் வரக்கூடாதே."

"வரலாம். படம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது. 'பழசுல'ன்னு ஆரம்பிச்சீங்க, எழுந்து ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல போய் உக்காந்துடுவேன். சம்மதமா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். அப்போதே பேசவில்லை. பயிற்சி.

என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் எண்ணினேன்: ஒன்பது தடவை வாயைத் திறந்தார், ஒன்பது தடவையும் பாப்கார்னைப் போட்டு மூடினார். குடும்பத்தோடு சாப்பிடுகிற பெரிய வாளி, இடைவேளைக்கு முன்பே காலி. அதற்குப் பிறகு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். கடைசியில் அந்தக் கேப்டன் சாம்பல் நிறத் தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது, கதவுக்குப் பக்கத்துக் கைப்பிடியில், ஒரே ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் உரிந்து, உள்ளேயிருந்து பழைய நிறம் தெரிந்தது. சித்தப்பா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ம்... ம்..." என்று பல் பிடுங்கப்படுகிறவர்போல முனகினார்.

குப்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தேம்பா" என்றாள். "பச்சை."

கேப்டன் திரும்பிப் பார்க்காமல் போனாள். விளக்கு எரிந்தபோது குப்பியின் கன்னம் ஈரமாயிருந்தது.

"இப்பப் பேசலாமா?"

"பேசுங்க."

சித்தப்பா கடித்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "பரவாயில்ல" என்றார்.

அந்த இனத்தின் அகராதியில் அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு மனிதர் திருந்திய கதையாகிவிடும். ஆனால் இனம் என்று ஒன்றிருந்தால் பெருகத்தானே செய்யும்? போன மாதம் இன்னொரு நிறுவனம் 'சனிக்கு அப்பால்' தொடரை மறுபடி முதலிலிருந்து எடுப்பதாக டிரெய்லர் விட்டது. கல்லூரி விடுதியிலிருந்து வந்த குப்பி, பையைக்கூட இறக்கவில்லை.

"பாத்தீங்களாப்பா அந்த அநியாயத்த? கேப்டன் போகும்போது திரும்பிப் பாக்கறான்! நம்ம கேப்டன் பாக்கவே மாட்டாங்க, அதானே விஷயமே! கொஞ்சமாவது படம் புரிஞ்சுதா இவனுங்களுக்கு?"

சித்தப்பா டிரெய்லரை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை பார்த்தார். புதுக் கேப்டன் கதவருகே நின்றான். காலி இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"எனக்கென்னவோ," என்றார் மெதுவாக, "இப்பப் போட்டதுதான் தெளிவா இருக்கு."

குப்பி மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "நீங்க அன்னைக்கு நம்ம படத்த ஒழுங்காப் பாத்தீங்களாப்பா?"

நமக்கென்ன, விண்கலமும் கிடையாது ரோபோவும் கிடையாது என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, 'அந்தக் காலத்துல நையாண்டிக் கதைன்னா எப்படி எழுதுவாங்க, வயிறு புண்ணாகிடும், இப்ப எழுதறவங்களும் இருக்காங்களே' என்று தோன்றியதா? தோன்றியபோது மூக்கு வழியாக ஒரு மூச்சு வந்ததா?

வந்திருந்தால் ஒரு யோசனை. அதெல்லாம் வந்த பழைய வார இதழ்க் கட்டு பரணில்தானே இருக்கிறது? தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.