மகானே, நீங்க ஒரு ஊது ஊதுங்க

ஊரே வரிசையில் நின்றது. குடிப்பவன் நின்றான், அவனைப் பெற்றவள் நின்றாள், கட்டிக்கொண்டவள் நின்றாள். மூச்சு மகான் குடிப்பவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வேலைதான். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர். அதற்குள் ஸ்ட்ராவால் ஊத வேண்டும். தண்ணீர் பால்போல வெளுத்தால் குடிப்பேய் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெளுக்காத தம்ளரை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட மகான்! பேயை இறக்குவது இலவசம். உண்டியல் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இருபது வருடமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நம் பெயின்டருக்கு ஏற்கெனவே இரண்டு முறை பேய் இறங்கியாயிற்று. இரண்டு முறையும் வீடு திரும்பும் வழியிலேயே குடித்தார். பேய்தான் போய்விட்டதே, இனி ஒரு தம்ளர் என்ன செய்துவிடும் என்று ஒரு தெம்பு. மறுநாள் கேட்டால், போன பேய் திரும்பி வந்துவிட்டது என்பார். நல்ல வசதியான பேய். குடிப்பது இவர், பழி அதற்கு.

கை நடுக்கத்தைப் பார்த்த மேஸ்திரி அவரைச் சாரத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். மனைவி பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். மூன்றாவது முறையும் பலிக்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த அக்காவின் கணவர் பஸ் டிரைவர், பெயின்டருக்குச் சகலை. பதினோரு வருடமாகக் குடிக்காதவர். அவர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பெயின்டரை முதலில் டாக்டரிடமும், பிறகு சைக்கிள் கடை மாடிக்கும் இழுத்துக்கொண்டு போனார். மாடியில் பத்து நாற்காலி, ஒரு டீ பிளாஸ்க். குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் உட்கார்ந்து, அந்த வாரம் குடிக்கக் கை எப்போது நீண்டது, எப்படி மடக்கினோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெயின்டர் தன் முறை வந்ததும் டீ பிளாஸ்க் பக்கம் போனார்.

"என்ன சகல இது? புகை இல்ல, மந்திரம் இல்ல, வெறும் பேச்சா இருக்கு."

"வெறும் பேச்சுதான். கை நீளும்போது எனக்குப் போன் போடு."

போட்டார். ஒரே நாளில் ஒன்பது முறை போட்டார். உடம்பு வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் நாலு நாள் குடிக்கவில்லை.

"எதுக்கும் அந்த மூணாவது ஊதலையும் முடிச்சிடுங்க. அரைகுறையா விட்டா ஆகாதாம்," என்றாள் மனைவி. சகலையும் துணைக்கு வந்தார்.

பெயின்டர் ஊதினார். தண்ணீர் தெறித்து உதட்டில் பட்டு லேசாக எரிந்தது. முந்தைய இரண்டு முறையும் போதையில் வந்தவருக்கு உதடு இருந்ததே தெரியாது. இந்த எரிச்சல் தெரிந்த எரிச்சலாயிற்றே என்று யோசிப்பதற்குள் தண்ணீர் வெளுத்துவிட்டது.

மகான் கண்ணை மூடினார். "நேத்தும் குடிச்சிருக்கான். இல்லேன்னா உள்ளேர்ந்து பேய் இறங்குமா?"

"இல்லீங்க, நாலு நாளா தொடல."

"நீ பொய் சொல்லுவே. தம்ளர் சொல்லாது."

மனைவி தம்ளரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "திரும்பவும் பொய்யா?" என்றாள். குடித்துவிட்டு இல்லையென்று சாதித்தபோதெல்லாம் நம்பியவள், குடிக்காத ஒரே தடவை நம்பவில்லை. இதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாம் என்று பெயின்டருக்கு ஆத்திரம் வந்தது.

"எனக்கும் ஒரு தம்ளர் குடுங்க," என்றார் சகலை. ஊதினார். வெளுத்தது. "நான் தொட்டு பதினோரு வருஷம் ஆச்சே?"

"பழைய பேய். உள்ளே பதுங்கியிருக்கு."

மனைவியின் நெற்றி சுருங்கியது. "நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல. நானும் ஊதறேன்." அதுவும் வெளுத்தது.

"புருஷன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு." மகானிடம் பதிலுக்கா பஞ்சம்?

"சரிங்க, உங்களை எந்தப் பேயும் ஒட்டாதில்ல? நீங்க ஒரு ஊது ஊதுங்க. வெளுக்கலேன்னா நான் நம்பறேன்," என்றாள் மனைவி.

வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டியது.

"இன்னைக்கு நான் மௌன விரதம்," என்றார் மகான், கடைசி ஆள்வரை கேட்கும்படி.

அதற்குள் பெயின்டருக்குப் பிடிபட்டுவிட்டது. விறுவிறுவென்று, தம்ளர்கள் வந்துகொண்டிருந்த திரைக்குப் பின்னால் போய் ஒரு டிரம்மைத் தரதரவென்று இழுத்து வந்தார். ஒரு கட்டையை விட்டுக் கிளறியதும் அடியில் படிந்திருந்த வெள்ளைச் சேறு மேலே வந்தது.

"சுண்ணாம்பு! அதுல தெளிஞ்ச தண்ணியைத் திறந்து வெச்சா வெறும் காத்துக்கே மேல வெள்ளையா ஏடு கட்டும். மூச்சு விட்டா கேக்கணுமா? தினமும் இதுலதானே நிக்கறேன், எனக்கே உறைக்கலையே."

மகான் விரதத்தோடு உண்டியலையும் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார், வரிசை விடவில்லை. அந்த அமளியிலும் இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று டிரம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடை மாடியில் பெயின்டர் எழுந்து நின்றார். "இன்னையோட ஏழு நாள். எனக்குள்ள பேய் எதுவும் இல்ல. இத்தனை வருஷமும் தம்ளரைத் தூக்கினது இந்தக் கைதான்." யாரும் வியக்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார்கள். மனைவி பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கீழே கடை வாசலில் மகளோடு காத்திருந்தாள்.

இரண்டு தெரு தள்ளி இப்போது ஒருவர் குடிப்பேயைக் கயிற்றில் கட்டுகிறாராம். அங்கேயும் வரிசை வளைந்து நிற்கிறது. நிற்கிற புண்ணியவான்களே, முதல் கயிற்றை அவர் கையிலேயே கட்டிக்காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்கவாவது வாயைத் திறங்கள். ஊதுவதற்கு மட்டும் திறந்தது போதும்.