மீன் பார்க்கப் போன குடும்பம்

ஞாயிறு பூசையில், யார் யாருக்காக வேண்டுதல் என்ற கருத்துகளைக் கோயில் உபதேசியார் பாக்கியராஜ் வாசித்தபோது ஸ்டீபன்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இருபத்தைந்தாம் திருமண நாளைக் கொண்டாடும், வரும் சனிக்கிழமை சென்னைக்கு மீன் காட்சியகம் பார்க்கச் செல்லும் ஸ்டீபன்ராஜ், ஜோஸ்பின் தம்பதியரின் நல்ல பயணத்திற்காக…” காதில் விழாதவர்களுக்காக அதை இன்னொரு முறையும் வாசித்தார்.

ஸ்டீபன்ராஜ் எழுதிக் கொடுத்த சீட்டில் திருமண நாள் மட்டும்தான் இருந்தது. பயணம் கணவன் மனைவிக்குள் பரம ரகசியம். கீழே அக்கா குடும்பம், மாடியில் தம்பி குடும்பம், எல்லாருக்கும் ஒரே குளியலறை என்றிருக்கும் வீட்டில், மனைவியோடு தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடித்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஒரு நாளாவது அவளும் தானுமாக இருந்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்த மீன்.

கோயில் வாசலிலேயே அக்கா அன்னாள் மடக்கினாள். “ஏன்டா தம்பி, எங்கள விட்டுட்டா போகப் பாத்த?”

ஜோஸ்பின் முந்திக்கொண்டாள். “விட்டுட்டுப் போவமா மதினி? காரு வேணாம், வேனே சொல்லிருவோம்.”

ஸ்டீபன்ராஜ் கலங்கவில்லை. ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கால அட்டவணை போடுகிறவர். சொந்த அக்காவைக் கழற்றிவிடத் தெரியாதா? விடியற்காலை நாலரைக்கே வண்டி என்று அறிவித்தார். வெயிலுக்கு முன்னால் கிளம்புவது நல்ல யோசனை என்று தம்பி குடும்பமும் பெயர் கொடுத்தது.

சரி, அடுத்த அஸ்திரம். வழியில் பிரியாணிக்கு நிறுத்துவதில்லை, புளிச்சாதம்தான் என்றார். திண்டுக்கல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. அன்னாளோ, இரண்டு தேக்சா நிறையத் தானே பிரியாணி செய்து எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டாள். பிரியாணிச் செய்தி வத்தலக்குண்டு வரை போய், ஜோஸ்பினின் அண்ணன் ஆண்டனிராஜ் பதினோரு பேரோடு சேர்ந்துகொண்டார். வேன் பஸ்ஸானது. வந்த பெயரையெல்லாம் முகம் கோணாமல் நோட்டில் எழுதியவள் ஜோஸ்பின்தான்.

சனிக்கிழமை விடியலில் பஸ்ஸுக்குள் எள் விழ இடமில்லை. தம்பதியருக்கென்று முன் சீட்டை மட்டும் ஸ்டீபன்ராஜ் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தார். அதையாவது காப்பாற்றினோமே என்று ஏறப் போனால், பக்கத்து வீட்டு ராமுத்தாயும் அவள் புருஷனும் அதில் அமர்ந்திருந்தார்கள்.

“பாவம், கடல் மீனை உசுரோட பாத்ததே இல்லையாம். நான்தான் ஏறச் சொன்னேன்” என்றாள் ஜோஸ்பின். “நாளைக்கு ராத்திரி வரைக்கும் வீட்டப் பாத்துக்கவும் ஆள் வேணும்ல?”

இருவரையும் வாசலில் விட்டுவிட்டு, பஸ் கையசைத்துக்கொண்டே போய்விட்டது. ஸ்டீபன்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜோஸ்பின் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

காலைப் பூசைக்கு மணியடிக்கப் போய்க்கொண்டிருந்த பாக்கியராஜ் அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்தார். ஒரு வாரக் கோபமும் அவர்மேல் திரும்பியது.

“எல்லாம் உம்மாலதான்யா. நான் குடுத்த சீட்டுல மீனே இல்லையே, எதுக்கு வாசிச்சீரு?”

“நானா சேக்கல சார். உங்க வீட்டம்மாதான் வந்து அந்த வரிய எழுதிக் குடுத்து, எல்லாரு காதுலயும் விழணும், ரெண்டு தடவ வாசிங்கன்னாக.”