கழுத்துச் சுரப்பியும் மோட்டார் சுவிட்சும்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கும் அனைவரும் நலமாயிருக்க விழைகிறேன் என்று எழுதுவது முறை, விழைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் ஒரு ஹார்மோன் ஆராய்ச்சியாளர் இருப்பது பெருமை என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அந்தப் பெருமைக்கு முதல் பலி நான். போன முறை வந்தபோது என் கை நடுங்குவதையும் சட்டை தொளதொளப்பதையும் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "அத்தான், உங்க கோபத்துக்கும் இதுதான் காரணமா இருக்கும்" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தீர்கள். மாடியில் இருக்கும் அண்ணனோடு பதினோரு வருடமாக நான் பேசாதது கொள்கை, ஐயா! அவன் குடிவந்த அன்று விருந்தாளிகள் முன்னால், "இவன் ரெண்டு பட்டம் வாங்கினவன், ஒரு பல்பு மாட்டத் தெரியாது" என்றான். அந்த வாக்கியத்தைத் துருப்பிடிக்காமல் நான் பராமரித்து வந்தால், நீங்கள் அதைக் கழுத்துச் சதையின் வேலை என்கிறீர்கள். எலும்பும் கொழுப்பும்கூட ஹார்மோன் சுரக்கின்றன என்று ஒரு கட்டுரை வேறு அனுப்பினீர்கள். என் கொழுப்பைப் பற்றி உங்கள் அப்பா எந்த ஆய்வும் செய்யாமலே சொல்லியிருக்கிறார்.

சரி என்று நீங்கள் சொன்ன மாத்திரையைத் தொடங்கினேன். உங்கள் அக்கா வழக்கம்போல அட்டையிலிருந்து பிதுக்கி ஜாம் பாட்டிலில் கொட்டி வைத்தாள். இரண்டே மாதத்தில் மானம் போனது. அண்ணனின் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சுவிட்ச் எங்கள் சமையலறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அண்ணி படியில் நின்று உங்கள் அக்காவிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்ல, நான் செய்தித்தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுவேன். மாத்திரைக்குப் பிறகு விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு எழுந்தேன், அப்புறம் தலைப்புச் செய்தியோடு எழுந்தேன், போன வாரம் யாரும் கேட்காமலே போட்டுவிட்டேன். அண்ணனே இறங்கி வந்துவிட்டான்.

"என்னடா, தொட்டி நிரம்பி வழியுது! உடம்புக்கு ஏதாவதா?"

"மாத்திரை சாப்பிடறேன் அண்ணே, அதான்."

அண்ணே! என் வாயால்!

"நல்ல மாத்திரையா இருக்கே. விட்றாத" என்று உட்கார்ந்து டீ குடித்தான். "இந்த பல்பு ஏன்டா மினுக்குது? நான் மாட்டித் தரட்டா?" என்றான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், மச்சான். ஆடாமல் பிடித்துக்கொண்டேன்! இப்போது தினமும் வருகிறான்.

கை நடுக்கம் குறையவில்லை, எடை ஏறவில்லை, கோபம் மட்டும் போய்விட்டது. இது என்ன வைத்தியம்? உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதவும்.

தங்கை முறையான உங்கள் மனைவிக்கு என் ஆசிகள். உங்கள் ஆராய்ச்சிக்கு அனுதாபங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோதனை எலி

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் அக்கா வந்து, "என்னங்க, என் கால்சியம் மாத்திரை எப்படித் தீர்ந்துச்சு? உங்க பாட்டில் அப்படியே இருக்கே!" என்கிறாள். ஆக, இரண்டு மாதமாக நான் விழுங்கியது அவளுடைய மாத்திரை. உங்களுடையதை இன்றே தொடங்குகிறேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அண்ணன் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. மாத்திரையால்தான் பேசினேன் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.